ரொடீசியா பாய் தைத்த கால்சட்டைகள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. வளர்த்தது ஐந்து பேர். நான்கு என் வயிற்றில் பிறந்தது, ஒன்று என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் இன்று நல்ல நிலையில் இருக்கின்றன. படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் எழுத்து மெதுவாகத்தான் வரும். வாசிக்கிறவர்களும் மெதுவாகவே வாசிக்கலாம். நான் எதையும் அவசரப்பட்டுச் செய்ததில்லை. செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டி வந்ததும் இல்லை.

இந்த வயதுக்குள் எத்தனையோ விதமான மனுஷர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு நாட்டின் போர் முழுவதையும் தன் கால்சட்டைக்குள் வைத்துத் தைத்தவர் என்றால் அது ஒரே ஒரு ஆள்தான். எங்கள் ரொடீசியா பாய்.

இது நான் சொல்வதல்ல, அவரே சொல்வது. "அக்கா, அந்த நாட்டுல நடந்த சண்டையெல்லாம் என் ட்ரவுசர்லதான் நடந்துச்சு. துப்பாக்கி அவங்களுது. ட்ரவுசர் என்னுது."

ரொடீசியா என்பது ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம். வெள்ளைக்காரர்கள் போய் நிலத்தைப் பிடித்துக் குடியேறி, இது எங்கள் நாடு என்று நெடுங்காலம் ஆண்டார்கள். அந்த மண்ணின் கறுப்பு மக்கள் சண்டை போட்டு வாங்கிய பிறகு பெயரையே மாற்றிவிட்டார்கள். இப்போது உலகப் படத்தில் எங்கே தேடினாலும் ரொடீசியா கிடையாது. "நாடு போயிடுச்சு, பாய் மட்டும் மிச்சம்" என்று எங்கள் வாக்கிங் கூட்டத்தில் கேலி செய்வோம். அவருக்கு அதில் கோபம் வராது. பெருமைதான் வரும்.

நான் இருப்பது டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில், என் மகன் வீட்டில். சாயங்காலம் ஆனால் குளத்தைச் சுற்றி நடப்போம். மகனோடும் மகளோடும் வந்து தங்கியிருக்கிற அப்பா அம்மாக்கள் அந்தக் குளத்து வாத்துகளைவிட அதிகம். அதில் பாய் மட்டும் எப்போதும் கடைசியில்தான் நடப்பார். காலில் பலம் இல்லாமல் இல்லை. பின்னால் நடந்தால்தான் முன்னால் போகிறவர்களின் தையல் தெரியும் என்பார். புதிதாக வந்தவர்கள் இதைத் தப்பாக நினைத்ததும் உண்டு.

முதல் நாளே என் மகனை நிறுத்தினார்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. இடது கால் அரை இஞ்ச் இறக்கமா இருக்கு."

"அங்கிள், இது ப்ராண்டட்."

"சரி. ப்ராண்ட் வச்சவன் உங்களுக்கு ரெண்டு கால்னு பார்த்தானா, இல்ல ஒவ்வொரு காலா பார்த்தானா?"

என் மகன் ஆபீசில் பெரிய பதவி. அவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அன்றைக்குப் பிறகு அந்தக் கால்சட்டையை அவன் தொடவே இல்லை.

பாய்க்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். பள்ளிக்கூட வயதில் கப்பலேறி ரொடீசியாவில் இருந்த அப்பாவிடம், அவர் பாஷையில் அத்தாவிடம், போனார். அத்தாவுக்கு ஒரு சின்ன ஊரில் தையல் கடை, போலீஸ் முகாமுக்கு நேர் எதிரே. அரசாங்கம் கொடுத்த கால்சட்டை சாக்கு மாதிரி இருக்குமாம். வெள்ளைக்காரப் போலீஸ்காரர்கள் அதை நேரே இவர்கள் கடைக்கு எடுத்து வந்து, பிரித்து உடம்புக்குத் தைத்துக்கொள்வார்களாம். அத்தா மௌத்தான பிறகு கடை இவர் கைக்கு வந்தது. சண்டையும் அப்போதுதான் முற்றியது.

அந்தக் கடைக்கு இரண்டு வாசல். முன்வாசல் வெள்ளைக்காரர்களுக்கு, பக்கவாசல் கறுப்பு மக்களுக்கு. அது அங்கே எழுதாத சட்டமாம்.

"அப்போ நீங்க எந்த வாசல் பாய்?" என்று கேட்டேன்.

"நான் எங்க அக்கா வெளிய போனேன், மெஷினை விட்டு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு எதிர்வரிசையில் வெள்ளைக்காரர்கள் மட்டும் உட்காருகிற ஒரு டீக்கடை இருந்ததைச் சொன்னார். அந்த முதலாளிக்குக் கோட்டு தைத்தது இவர். "என் கோட்டு உள்ள போய் உட்காரும். நான் போய் உட்கார முடியாது."

இனிமேல் புத்தகங்களுக்கு வருகிறேன். பாயைப் பற்றிப் பேசிவிட்டுப் புத்தகங்களை விட்டால் அவருடைய மருமகள் நஸ்ரின் என்னை மன்னிக்க மாட்டாள்.

நாடு கைமாறியதும் அந்த வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று திசைக்கொருவராகப் போனார்கள். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு புத்தகம் எழுதினார்கள். பண்ணையில் வளர்ந்த கதை, போலீசில் சேர்ந்த கதை, காட்டில் சண்டை போட்ட கதை. "அங்க இருந்த வெள்ளைக்காரன் கொஞ்சம், புஸ்தகம் எழுதின வெள்ளைக்காரன் நிறைய அக்கா. எப்படின்னு எனக்கு இன்னும் விளங்கல" என்பார் பாய். அத்தனையையும் வாங்குவார். வாசலில் பெட்டி வந்து விழாத வாரம் கிடையாது. அலமாரி நிறைந்து, அறை நிறைந்து, கடைசியில் கார் நிறுத்தும் கராஜ் முழுக்கப் புத்தகம்.

எல்லாம் எதற்கு? ஒரே ஒரு காரியத்துக்கு. அதில் எங்காவது தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க.

புத்தகம் வந்ததும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போவார். அங்கேதான் பெயர்கள் வரிசையாக இருக்குமாம். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துப் படம் பார்ப்பார். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. முடித்ததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு குளக்கரைக்கு வருவார்.

"இதுலயும் இல்லையா பாய்?"

"நாய்க்குப் பேர் இருக்கு அக்கா. நாலு பக்கம் அழுதிருக்கான், நாய் செத்ததுக்கு. குதிரைக்குப் பேர் இருக்கு. ஜீப்புக்குக்கூட ஒரு செல்லப் பேர் வச்சிருக்கான். அந்த ஜீப்புல உட்கார்ந்த ட்ரவுசரைத் தைச்சவனுக்கு ஒரு வரி இல்ல."

எழுதினவர்களைச் சும்மாவும் விடமாட்டார். ஒரு நாள் ஒரு புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் போட்டார்.

"இந்த ஆளு பொய் சொல்றான் அக்கா. எதிரி சுட்டப்போ ஆத்தைத் தாண்டிக் குதிச்சேன்கிறான். இவன் இடுப்பு எனக்குத் தெரியாதா? குதிச்சிருந்தா ட்ரவுசர் கிழிஞ்சிருக்கும். கிழிஞ்சிருந்தா என்கிட்ட வந்திருக்கும். வரல. அப்ப குதிக்கல."

ஒரு சித்திரை மாதத்தில் ஆலங்கட்டி மழை பெய்தது. டெக்சாஸ் ஆலங்கட்டி என்றால் எலுமிச்சம்பழம் அளவு. கராஜில் புத்தகம் இருந்ததால் பாயின் மகன் ஃபரீத் வாங்கிய புதுக் கார் வெளியே நின்றது. மழை விட்டபோது அது பணியாரச் சட்டி மாதிரி ஆகிவிட்டது.

நஸ்ரின் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். "நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. புக்ஸ் உள்ள, கார் வெளிய. எந்த வீட்லயாவது இப்படி உண்டா?"

பாய் பதட்டமே படவில்லை. "காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும்மா. புஸ்தகத்துக்கு இருக்கா?"

"ஒரு புக்லயாவது நீங்க இருந்தாப் பரவால்ல மாமா. நீங்க இல்லாத புக்கை எதுக்கு மாமா நனையாம வச்சிருக்கணும்?"

பாய் கராஜ் கதவை இறக்கி மூடினார். அன்று நடைக்கும் வரவில்லை.

இன்னொரு தடவை நஸ்ரின் எங்களை மளிகைக் கடைக்குக் கூட்டிப் போனாள். கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டாள் போல. பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குப் போட்டுக்கொண்டு போலீஸ் வண்டி வந்தது. இந்த ஊரில் போலீஸ் நிறுத்தினால் கையை ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நஸ்ரின் அப்படியே செய்தாள். நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் குனிந்து லைசென்ஸ் கேட்டார். பின்சீட்டில் இருந்த பாய் ஜன்னலை இறக்கி, அவருடைய இங்கிலீஷில் ஏதோ பேச ஆரம்பித்தார். போலீஸ்காரர் திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு பாயைப் பார்த்தார். பிறகு ஓவென்று சிரித்தார். பார்த்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வண்டி நகர்ந்ததும் நஸ்ரின் கேட்டாள்: "மாமா, அவர்கிட்ட நிஜமாவே என்ன சொன்னீங்க?"

"உட்கார்ற இடத்துல ஒத்தைத் தையல் போட்டிருக்கான்மா. திருடனைத் துரத்துற அன்னைக்கு விட்டுடும்னு சொன்னேன். போலீஸ்காரன் மானம் நமக்கு முக்கியமில்லையா?"

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள்தான் என்னிடம் குரலை இறக்கிப் பேசினார். சண்டை நடந்த ஊரில் பயமாக இல்லையா என்று நான் கேட்டுவிட்டேன்.

"ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்தான் அக்கா, போலீசுல புதுசா சேர்ந்தவன். மீசை இப்பத்தான் வருது. நான் இன்னும் வளருவேன்னு எங்கம்மா சொல்றாங்க, நீளம் கொஞ்சம் விட்டுத் தைங்கன்னான். உள்ள மடிச்சு விட்டேன். அந்த மடிப்பைப் பிரிக்க அவன் வரவே இல்ல."

வாத்துகளைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"பக்கவாசல்ல ஒரு கறுப்பம்மா வந்துச்சு. மகன் ட்ரவுசராம், வேலிக்கம்பி கிழிச்சுடுச்சாம். வேலிக்கம்பி கிழிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது வேலி இல்ல, குண்டு. ஒட்டுப்போட்டுக் கொடுத்துட்டேன். மறுநாள் முன்வாசல்ல ஒரு அதிகாரி அளவு கொடுக்க வர்றான். பக்கவாசல்ல யார் யார் வர்றாங்கன்னு கேக்குறான்."

"ஐயோ. என்ன சொன்னீங்க?"

"இடுப்பளவு எடுக்கணும், மூச்சை இழுத்துப் பிடிங்க சார்னேன். பிடிச்சான். மூச்சைப் பிடிச்சா பேச முடியாதுல்ல? நான் டேப்பை இடுப்புலேர்ந்து எடுக்கவே இல்ல, முகம் சிவக்குற வரைக்கும். விட்டதும் அவனுக்குக் கேட்டது மறந்துபோச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இதைச் சொன்னா ஃபரீது நம்ப மாட்டேங்கிறான் அக்கா. அத்தா நல்லா கதை விடுறீங்கங்கிறான். நெட்ல தேடிப் பார்த்தானாம், அந்த ஊர்ல அப்படி ஒரு கடை இருந்ததாவே இல்லையாம். கடையை இடிச்சாச்சு. நாட்டுப் பேரே இல்ல. கூட இருந்தவங்க யாரும் இல்ல. ஒரு புஸ்தகத்துல ஒரு வரி இருந்தாத்தான் நான் அங்க இருந்தேன்னு அர்த்தம். இல்லாட்டி இல்ல."

அதற்குப் பிறகு நான் அவரிடம் 'இதுலயும் இல்லையா' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

போன வருஷம் ஃபரீதுக்கு நியூ ஜெர்சியில் வேலை மாறியது. பிஸ்கட்டவே என்ற ஊரில் அபார்ட்மென்ட் பார்த்துவிட்டார்கள். அங்கே கராஜ் கிடையாது. புத்தகங்கள் வராது என்று நஸ்ரின் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பாய் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த வாரம் கடைசியாக ஒரு பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தவர் அப்படியே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அக்கா, இது எங்க ஊரு. எங்க முகாம். அட்டையில இருக்கிற இந்த ஆளை எனக்குத் தெரியும். இவனுக்கு நான் தைச்சிருக்கேன்."

"உங்க பேரு?"

"பின்னாடி பார்த்தேன், இல்ல. ஆனா அது விட்டுப் போயிருக்கலாம்ல? இவன் உயிரோட இருக்கான் அக்கா. பக்கத்து ஊரு ஆலன்ல மகள் வீட்ல இருக்கானாம். சனிக்கிழமை அங்க லைப்ரரில வந்து புஸ்தகத்தைப் பத்திப் பேசுறானாம். நேர்லயே கேட்டுடறேன்."

சனிக்கிழமை நஸ்ரின் காரை எடுத்தாள். இங்கிலீஷுக்கு என் பேத்தி மீனுவைக் கூட்டிக்கொண்டேன். அவளுக்குப் பதினான்கு வயது. தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள்; நான் தமிழில் கேட்பதற்கு இங்கிலீஷில் பதில் சொல்வாள். பாய் தானே தைத்த சாம்பல் நிறக் கோட்டும் கால்சட்டையும் போட்டு மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

அந்த வெள்ளைக்காரத் தாத்தா பெரிய உருவமாக இருந்து வற்றிப்போனவர். மேஜையில் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்திருந்த கூட்டம் ரொம்பக் குறைவு. பேசி முடித்ததும் பாய் எதிரே போய் நின்று, ஊர் பெயரையும் தையல் கடையையும் சொன்னார்.

தாத்தாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சாமி! சாமி!" என்றார்.

மீனு என்னிடம் திரும்பினாள். "பாட்டி, ஹி ஸேஸ் அங்கிள் புக்ல இருக்காராம்."

தாத்தா ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பக்கத்தைக் காட்டினார். மீனு வாசித்து, தெரிந்த தமிழில் சொன்னாள். முகாமுக்கு எதிரே இந்தியத் தையல்காரன் சாமி இருந்தான். சாமி தைத்த மாதிரி கால்சட்டையை அதற்குப் பிறகு தான் எங்கேயும் போட்டதில்லை. நல்லவன், எப்போதும் சிரித்த முகம்.

நஸ்ரின் கையைத் தட்டிவிட்டாள். "மாமா, வந்துட்டீங்க மாமா! ஃபரீத்துக்கு போட்டோ அனுப்பறேன், இருங்க."

"அனுப்பாதம்மா" என்றார் பாய்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் சொன்னார். அந்த நாட்டில் வெள்ளைக்காரர்கள் இந்தியர் யாரைப் பார்த்தாலும் சாமி என்றுதான் கூப்பிடுவார்களாம். காய்கறி விற்கிறவரும் சாமி, மளிகைக் கடைக்காரரும் சாமி, ஐந்து வேளை தொழுகிற இவரும் சாமி. "பல புஸ்தகத்துல இந்த சாமி வர்றான் அக்கா. பார்த்திருக்கேன். அது நான் இல்ல. அது எல்லாரும்."

தாத்தாவிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார். மீனு எனக்குச் சொன்னாள். "வாட் இஸ் மை நேம்னு கேக்குறார் பாட்டி."

தாத்தா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. பிறகு தலையை ஆட்டினார். நீ சொன்னதே இல்லையே என்றாராம்.

பாய் அப்போது செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோட்டைத் தூக்கினார். பெல்ட்டைத் தளர்த்தினார். "மாமா, என்ன பண்றீங்க" என்று நஸ்ரின் கண்ணைப் பொத்திக்கொண்டாள். லைப்ரரிக்காரப் பெண் நாற்காலியை விட்டு எழுந்தாள். பாய் கால்சட்டையின் இடுப்புப் பட்டியை வெளிப்பக்கமாக மடித்துக் காட்டினார். உள்ளே ஒரு சின்னத் துணி லேபிள். அதில் நூலால் ஒரு பெயர்.

"நான் தைச்ச ஒவ்வொண்ணுலயும் இது இருக்கும்னு சொல்லும்மா" என்றார் மீனுவிடம். "அந்தச் சண்டை முழுக்க இவர் என் பேரை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் சுத்தினாருன்னு சொல்லு."

மீனு சொன்னாள். தாத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து அந்த லேபிளை வாசித்தார். ஒரு தடவை மனதுக்குள், ஒரு தடவை வாய்விட்டு. நான் அந்தப் பெயரை அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன். அதற்குரிய இடத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் தப்பாக நினைத்து அப்படிக் கூப்பிடவில்லை என்றார் தாத்தா.

"தெரியும்" என்றார் பாய். "நீங்க ஒண்ணுமே நினைக்கல. அதான்."

தாத்தா பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தில் சாமியை அடித்துவிட்டுப் பெயரை எழுதப் பார்த்தார். வயதான கைக்குக் கோடு எங்கோ போனது. பாய் பேனாவை வாங்கிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் இருந்ததைத் திருத்தினார். மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மேஜையில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக. தாத்தா பக்கத்தைப் பிரித்துக் கொடுக்க, இவர் அடிக்க, எழுத, மூட. எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் பூத் தொடுக்கிற மாதிரி இருந்தது.

லைப்ரரிக்காரப் பெண் ஓடி வந்து, புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்றாள்.

தாத்தா நிமிர்ந்து பார்த்து, இது என் புத்தகம், அது அவர் கால்சட்டை என்றாராம். மீனு சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் தன் நாற்காலிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

கிளம்பும்போது அடுத்த தடவை அச்சடித்தால் மாற்றிவிடுகிறேன் என்றார் தாத்தா. பாய் அவருடைய கால்சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கால் மடிப்பு பிரிந்திருக்கிறது, மகளிடம் சொல்லித் தைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஒரு புத்தகத்தை மட்டும் பிஸ்கட்டவேக்கு எடுத்துப் போனார். மற்றதெல்லாம் யாராவது படிக்கட்டும், அதில் நான் இல்லை என்றார். கராஜ் காலியாகி, ஃபரீதின் கார் கடைசியாக நான்கைந்து நாள் உள்ளே நின்றது. புத்தகத்தை ஃபரீத் முழுக்கப் படித்தானாம். படித்துவிட்டு, "அத்தா, அந்த அதிகாரி மூச்சைப் பிடிச்ச கதையை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றானாம். இதைப் பாய் எனக்குப் போனில் இரண்டு தடவை சொன்னார். அங்கே குளிருக்கு எல்லாரும் முழங்கால் வரை கோட்டு போட்டுவிடுகிறார்கள், பின்னால் நடந்தும் ஒன்றும் தெரியவில்லை என்று வேறு பேச்சுக்கு மாற்றிவிட்டார்.

எங்கள் குளத்தைச் சுற்றி இப்போது யார் வேண்டுமானாலும் எப்படிப்பட்ட கால்சட்டையும் போட்டுக்கொண்டு நடக்கலாம். கேட்பார் இல்லை. நான் பாதி வழியில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வெள்ளைக்காரத் தாத்தா சொன்ன அடுத்த அச்சு வருமோ வராதோ, அவர் வயதும் என் வயது மாதிரிதான். அதற்காகக் காத்திருப்பானேன்? மூன்றாம் வகுப்பு படித்த கைக்கு ஒரு பெயர் எழுதத் தெரியாதா?

அவர் பெயர் ஷேக் தாவூது. கூத்தாநல்லூர்க்காரர். ரொடீசியாவில் இருந்தார். தையல்காரர்.

மீனு, அந்த போனை இங்கே என் பக்கத்தில் வை, ஸ்பீக்கரில் போடு. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து வாசி. பெயர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் உரக்க வாசிம்மா. பாய் லைனில் இருக்கிறார்.